கியர்பொக்ஸை இறக்கும் முன்: பழைய டீசல் வாகனத்தில் கிளச், கியர் கோளாறுகளைக் கண்டறியும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நெல், மணல், மீன் ஏற்றி ஓடும் வாகனங்களில் ஏராளமானவை பழைய ஜப்பானிய டீசல் வாகனங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்குத் தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பின்பும் விலை எட்டாத உயரத்தில் நிற்பதால், இருபது முப்பது வருடம் ஓடிய ஹயேஸ் வானையும் எல்ஃப் லொறியையும் ஹைலக்ஸையும் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிரப் பல குடும்பங்களுக்கு வேறு வழியில்லை. அப்படிப்பட்ட வாகனத்தில் கியர் விழவில்லை என்றதும் "கியர்பொக்ஸ் முடிந்தது" என்று தீர்ப்புச் சொல்லி, கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றை வாங்கிப் பஸ்ஸில் ஏற்றி வரவழைத்துப் பொருத்துகிறார்கள். பொருத்திய பிறகும் அதே கோளாறு நீடிப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். கீழே தொங்கிய சிறிய கிளச் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் கப் ஒன்றுதான் அங்கெல்லாம் தேய்ந்திருந்தது.

ஆகவே இந்த வழிகாட்டியின் நோக்கம் பழுதுபார்ப்பைக் கற்பிப்பதன்று. கோளாறு கிளச் மிதியிலும் அதன் ஒயில் வழியிலும் இருக்கிறதா, எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையிலுள்ள உறையான பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கிளச்சில் இருக்கிறதா, கியர்பொக்ஸிலேயே இருக்கிறதா என்று கியர்பொக்ஸை இறக்காமலே முதலில் பிரித்தறிவதே நோக்கம். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. மிதியை மிதிக்க ஓர் ஆள், கீழே பார்க்க ஓர் ஆள், ஒரு டோர்ச், ஓர் அடிமட்டம், ஒரு வெள்ளைத் துணி ஆகியவை பெரும்பாலும் போதும்.

கீழே பார்ப்பவரின் பாதுகாப்பைப் பற்றி ஒரு சொல். நமது கரையோர முற்றங்கள் மணற்பாங்கானவை. ஜாக்கி மெல்லப் புதைந்து சாயும். ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள், சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், தாங்கு நிலைகளில் வாகனத்தை இருத்தாமல் அதன் அடியில் தலையை நீட்டாதீர்கள். பழைய ஹயேஸ், எல்ஃப் போன்ற உயரமான வாகனங்களில் கிளச் சிலிண்டரைப் பார்ப்பதற்கு வாகனத்தைத் தூக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. எஞ்சின் ஓடும்போது ஒருவர் அடியில் இருந்தால், நியூட்ரலும் ஹான்ட் பிரேக்கும் உறுதியாக இருப்பதை ஆசனத்தில் இருப்பவர் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும்.

மிதியிலிருந்து தொடங்குங்கள்

எஞ்சினை நிறுத்திவிட்டு, மிதியைக் கையால் மெதுவாக அமுக்குங்கள். முதலில் எதிர்ப்பே இல்லாத ஒரு சிறு தூரம் இருக்கும். அதற்குப் பிறகே பாரம் தெரியும். இந்த வெற்று அசைவு பல இலகுரக வாகனங்களில் 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும். உங்கள் வாகனத்துக்குரிய அளவைக் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். அசைவே இல்லாவிட்டால் மிதிக்கும்போது கிளச்சை விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங், கிளச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கக்கூடும். அப்போது கிளச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். அசைவு மிக அதிகமானால் கிளச் முழுதாக விடுபடாது, கியர் கரகரக்கும். வெறும் தள்ளுகம்பியைச் சரிசெய்வதால் தீரக்கூடிய கோளாறுகள் இவை.

அடுத்தது ஒயில். பொனெட்டின் கீழோ டாஷ்போர்டின் ஓரத்திலோ இருக்கும் கிளச் ஒயில் கிண்ணத்தைப் பாருங்கள். சில வாகனங்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே கிண்ணம்தான். ஒயில் குறைந்திருந்தால் அது எங்கேயோ வெளியேறியிருக்கிறது. நிரப்பிவிட்டுப் போவது பரிசோதனையாகாது. மேல் பம்பான மாஸ்டர் சிலிண்டரின் கசிவு பெரும்பாலும் சாரதியின் காலடியில், மிதிக் கம்பி சுவரைத் துளைத்து நுழையும் இடத்தில் ஈரமாகத் தெரியும்; கால்விரிப்பைத் தூக்கித் துணியால் துடைத்துப் பாருங்கள். கீழ் பம்பான ஸ்லேவ் சிலிண்டர், பெல் ஹவுசிங்கின் பக்கத்தில், ரிலீஸ் பெயரிங்கை நகர்த்தும் முட்கரத்தைத் தள்ளும் இடத்தில் இருக்கும். அதன் வாயில் உள்ள ரப்பர் உறையின் விளிம்பை விரல்நகத்தால் மெல்லத் தூக்குங்கள். உள்ளே உலர்ந்த தூசி மட்டும் இருந்தால் நல்லது. ஒயில் சொட்டினால், அல்லது கறுத்த சேறுபோல் விரலில் ஒட்டினால், உள்ளிருக்கும் கப் தேய்ந்துவிட்டது. உப்புக் காற்றில் ஓடும் வாகனங்களில், குறிப்பாக வாழைச்சேனை, கல்முனை, ஒலுவில் பக்கத்தில் மீன் ஏற்றுபவற்றில், சிலிண்டரின் உட்சுவரே துருப்பிடித்துக் குழிவிழுந்திருக்கும். அப்படியானால் புதுக் கப் போட்டும் சில வாரங்களில் மீண்டும் கசியும். சிலிண்டரையே மாற்றுவதுதான் சிக்கனம்.

வெளியே கசிவு எதுவும் இல்லாமலே கோளாறு இருக்கலாம். அதைக் கண்டறிய, உதவியாளர் மிதியை ஒரே முறை முழுதாக மிதித்துப் பிடிக்கும்போது ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி எவ்வளவு தூரம் வெளியே தள்ளுகிறது என்று அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அவர் நாலைந்து முறை வேகமாக மிதித்துவிட்டுப் பிடிக்கட்டும், மீண்டும் அளந்துகொள்ளுங்கள். இரண்டாவது அளவு தெளிவாக அதிகமென்றால் குழாயில் காற்று இருக்கிறது, அல்லது மேல் பம்பு முதல் மிதிப்பில் சரியாக அழுத்தவில்லை. மூன்றாவதாக, மிதியை ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்கச் சொல்லிக் கம்பியைக் கவனியுங்கள். மிதி அசையாதிருக்க, எங்கும் சொட்டுக் கசிவில்லாதிருக்க, கம்பி மட்டும் மெல்ல உள்ளே திரும்பினால், மேல் பம்பின் கப்பைத் தாண்டி ஒயில் உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. சிக்னல் விளக்கில் நிற்கும்போது வாகனம் தானாக முன்னே நகரப் பார்ப்பதும், முதல் கியர் ஒருமுறை இலகுவாகவும் மறுமுறை கடினமாகவும் விழுவதும் இந்தக் கோளாறின் அடையாளங்கள். கம்பியின் அசைவு மூன்று முறையும் ஒரேயளவாகவும் முழுமையாகவும் இருந்தால், ஒயில் வழியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மேலே செல்லலாம்.

நிரப்பும் ஒயில் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். கிண்ண மூடியில் எழுதியிருக்கும் டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் ஒயிலையே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலையோ ஸ்டியரிங் ஒயிலையோ ஊற்றினால் ரப்பர் கப்புகள் அனைத்தும் ஊதிக் கெட்டுவிடும். கிண்ணம் பிரேக்குக்கும் பொதுவானதென்றால் பிரேக்கும் சேர்ந்து போகும், அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. வாவியும் கடலும் சூழ்ந்த நமது ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது அதை மாற்றி எயார் எடுப்பது, அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுவது, அவசியம் என்றே சொல்வேன்.

கியர் விழாதபோது

எஞ்சினை நிறுத்தி, வாகனம் அசையாதிருக்க, எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு கியர் பிடிக்காவிட்டால் வாகனத்தைச் சற்று முன்னோ பின்னோ அசைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். பற்கள் நேருக்கு நேர் நிற்பதால் சிலவேளை அப்படி நேரும். நின்ற எஞ்சினில் எல்லாம் இலகுவாக விழுந்து, ஓடும் எஞ்சினில் மட்டும் எதுவும் விழ மறுத்தால், கிளச் முழுதாக விடுபடவில்லை. இதை உறுதிப்படுத்த ரிவர்ஸ் கியரே நல்ல சாட்சி, ஏனெனில் பல பழைய கியர்பொக்ஸ்களில் ரிவர்ஸுக்கு, பற்கள் இணையும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையம் இல்லை. எஞ்சின் ஐட்லிங்கில் ஓட, மிதியை முழுதாக மிதித்து ஐந்து ஆறு விநாடி காத்திருந்து ரிவர்ஸைப் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் கிளச் விடுபடுகிறது. காத்திருந்த பின்பும் கரகரத்தால் உள்ளே தண்டு இன்னும் சுழல்கிறது. மேலே சொன்ன கம்பி அளவு சரியாக இருந்தும் இப்படி நடந்தால் காரணம் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கிறது. வளைந்த பிளேட், தேய்ந்த முட்கரம், உடைந்த டயஃபிரம் விரல், கியர்பொக்ஸ் தண்டின் முன்முனையைத் தாங்கும் பைலட் பெயரிங் இறுகிப்போனது ஆகியவற்றில் ஒன்றாக அது இருக்கும்.

மாரி மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் சேரும். வெள்ளத்தில் நின்ற வாகனத்தையோ, நீர் தேங்கிய வீதியைக் கடந்துவந்து வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வாகனத்தையோ மீண்டும் எடுக்கும்போது, கிளச் பிளேட், எஞ்சினின் பின்புறச் சக்கரமான ஃபிளைவீலோடு துருவால் ஒட்டிப்போயிருக்கும். நேற்றுவரை நன்றாக ஓடிய வாகனம் இன்று எந்தக் கியரையும் ஏற்காதிருந்தால், கியர்பொக்ஸைக் குறை சொல்வதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

ஒரேயொரு கியர் மட்டும், உதாரணமாக இரண்டாவது மட்டும், மாற்றும்போது கரகரத்து, மற்றவை சரியாக இருந்தால் அது கிளச்சின் குற்றமன்று. அந்தக் கியரின் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. நியூட்ரலில் ஒருமுறை கிளச்சை விட்டு மீண்டும் மிதித்து, வேகத்துக்கேற்ப எஞ்சினைச் சற்று முடுக்கிக் கியரை இறக்கினால் சத்தம் மறையும். மறைந்தால் ஐயம் தீர்ந்தது. இப்படிப் பக்குவமாக ஓட்டத் தெரிந்த சாரதி அந்தக் கியர்பொக்ஸை மேலும் நெடுங்காலம் கொண்டுசெல்லலாம்.

சில கியர்கள் இருக்கும் இடமே தட்டுப்படாமல், லீவர் எங்கோ தளர்ந்து ஆடுவதுபோல் இருந்தால், கியர்பொக்ஸுக்கு வெளியே உள்ள கேபிளையும் தண்டு இணைப்புகளையும் அவற்றின் புஷ்களையும் பாருங்கள். சாரதி ஆசனம் எஞ்சினுக்கு மேலிருக்கும் வான்களிலும் லொறிகளிலும் லீவருக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு. அத்தனை இணைப்பிலும் சிறிது சிறிதாகச் சேரும் தளர்வே போதும், கியர் தவறுவதற்கு. இணைப்பைக் கழற்றிவிட்டுக் கியர்பொக்ஸின் கையைக் கையாலேயே அசைத்துப் பார்த்தால் குற்றம் எந்தப் பக்கம் என்பது உடனே தெரியும்.

வழுக்கும் கிளச்சைச் சமதரை மறைத்துவிடும்

நமது கரையோரம் தட்டையானது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் வெறும் வாகனத்தில் வந்தால், தேய்ந்த கிளச்கூட எந்தக் குறையும் காட்டாது. அதே வாகனம் அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றி வயலின் மண் வரம்பிலிருந்து வீதிக்கு ஏறும்போதோ, செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் பிபிலையைத் தாண்டி லுணுகலை ஏற்றத்தைத் தொடும்போதோதான் உண்மையைச் சொல்லும். அங்கே நின்றுபோவதைவிட இங்கேயே சோதிப்பது நல்லது. ஆளரவமற்ற நேரான வீதியில் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் நான்காம் கியரில் சென்று, அக்சிலேட்டரை ஒரேயடியாக அமுக்குங்கள். எஞ்சினின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏற வேண்டும். எஞ்சின் மட்டும் சீறி வாகனம் பின்தங்கினால் கிளச் வழுக்குகிறது. இந்தச் சோதனையை ஓரிரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் பிளேட்டின் மேற்பரப்பு எரியும், அந்த நாற்றமே சாட்சி.

வழுக்கினால் உடனே பிளேட்டை வாங்க ஓடாதீர்கள். மிதியின் வெற்று அசைவைப் பார்த்தீர்கள் அல்லவா, அது சரியென்றால், ரப்பர் குழாய் உள்ளே ஊதி ஒயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறதா என்று பாருங்கள். வழுக்கும் நிலையிலேயே வாகனத்தை நிறுத்தி, மிதியை யாரும் தொடாதிருக்க, ஸ்லேவ் சிலிண்டரின் எயார் எடுக்கும் திருகை மெல்லத் திறவுங்கள். ஒயில் வேகமாகப் பீய்ச்சி அடித்து, அதன்பின் வழுக்கல் நின்றால், கிளச் நல்லது. ஒயில் வழியில் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது. வெறுமனே சொட்டினால் பிளேட்டே தேய்ந்திருக்கிறது, அல்லது அதில் ஒயில் பட்டிருக்கிறது.

ஒயில் பட்டிருந்தால் அது எங்கிருந்து வந்தது என்பதைக் கழற்றும் முன்பே அறியலாம். பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துவாரமோ மூடியோ இருக்கும். அங்கே வெள்ளைத் துணியை ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கரிபோல் கறுத்து நீர்த்திருந்தால் அது டீசல் எஞ்சினின் ஒயில். கிராங்க் தண்டின் பின் ஒயில் சீல் போய்விட்டது. தேன் நிறத்தில் தடிப்பாக, கந்தக வாடையோடு இருந்தால் அது கியர் ஒயில். கியர்பொக்ஸின் முன் சீல் குற்றவாளி. இதை அறியாமல் புது பிளேட் போட்டால், சில மாதங்களில் அதுவும் நனைந்து வழுக்கும்.

புறப்படும்போது வாகனம் முழுவதும் உதறுவதற்கும் இதே எண்ணெய்ப் பிசுக்கு காரணமாகலாம். ஆனால் பழைய வாகனத்தில் முதலில் எஞ்சின், கியர்பொக்ஸ் மவுன்டிங்குகளைப் பாருங்கள்: ஹான்ட் பிரேக்கை இழுத்து, உதவியாளர் கிளச்சை மெல்ல விடும்போது எஞ்சின் பெரிதாகத் தூக்கிச் சாய்ந்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. அது மலிவான பொருள்.

சத்தத்தைப் பிரித்துக் கேட்பது

சத்தமே மிகத் திருத்தமான தகவலைத் தருவது; அவசரப்படாமல் கேட்பவருக்கு உள்ளிருக்கும் எந்தப் பெயரிங் என்பதுவரை அது சொல்லும். வாகனத்தை நிறுத்தி, நியூட்ரலில், எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, கண்ணாடிகளை இறக்கிக் கேளுங்கள். இப்போது மிதியில் கால் இல்லை. கிளச் பிடித்திருப்பதால் கியர்பொக்ஸின் உள்ளீட்டுத் தண்டும் அதனோடு கீழ்த் தண்டும் சுழல்கின்றன. இங்கே ஓர் இரைச்சல் இருந்து, மிதியை முழுதாக மிதித்ததும் அது தணிந்து நின்றால், அந்தத் தண்டுகளின் பெயரிங்குகளில் ஒன்று தேய்ந்திருக்கிறது. மாறாக, அமைதியாக இருந்து, மிதியில் காலை வைத்து மெல்ல அமுக்கிய கணத்திலேயே கிறீச்சிடத் தொடங்கினால் அது ரிலீஸ் பெயரிங். மிதி முழுதாக அமிழ்ந்து, கியரும் போட்டிருக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பைலட் பெயரிங்கைச் சந்தேகியுங்கள், ஏனெனில் ஃபிளைவீல் சுழல, தண்டு நிற்க, அந்த வேறுபாட்டை முழுதாகத் தாங்குவது அப்போது அதுதான். ரயில் கடவையிலும் நெரிசலிலும் கியரிலேயே மிதியை அமுக்கிக் காத்திருக்கும் பழக்கமும், ஓடும்போது மிதியின் மீதே காலை ஓய்வெடுக்க வைக்கும் பழக்கமும் ரிலீஸ் பெயரிங்கின் ஆயுளைக் குறைக்கின்றன என்பதைக் கூலிக்குச் சாரதி வைத்திருப்பவர்கள் அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

நியூட்ரலில் கேட்கும் கடகடப்பு எல்லாமே நோயல்ல. டீசல் எஞ்சின் ஐட்லிங்கில் விட்டுவிட்டுத் தள்ளுவதால் கியர்ப் பற்கள் ஒன்றோடொன்று தட்டும். ஐட்லிங்கைச் சிறிது உயர்த்தியதும் சத்தம் மறைந்தால், ஐட்லிங் வேகத்தையும் இன்ஜெக்டர்களையும் முதலில் சரிபாருங்கள். பெட்டியைத் திறக்கக் காரணமில்லை.

ஓடும்போது, ஒவ்வொரு கியரிலும் தனித்தனியாகக் கேளுங்கள். பின்சில்லால் ஓடும் பல பழைய ஐந்து கியர் வாகனங்களில் நான்காவது நேர்க் கியர். உள்ளே வரும் சுழற்சி கீழ்த் தண்டின் உதவியின்றி நேரே வெளியேறும். எனவே ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தில் இரைந்து நான்கில் மட்டும் அடங்கினால் கீழ்த் தண்டின் பெயரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. நான்கிலும் அதே இரைச்சல் என்றால் உள்ளீட்டு அல்லது வெளியீட்டுத் தண்டின் பெயரிங். ஒரே கியரில் மட்டும் என்றால் அந்தப் பல்சக்கரம். நியூட்ரலில் உருளவிட்டாலும், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலும் மாறாமல், வாகனத்தின் வேகத்தை மட்டும் பின்தொடரும் சத்தத்துக்கு, பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பலர் ஷாஃப்ட்டின் குறொஸ், சென்டர் பெயரிங், டிஃபரன்ஷல், சில்லுப் பெயரிங் ஆகியவற்றை முதலில் பாருங்கள். உருளும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டாம், பிரேக் பாரமாகிவிடும்.

அக்சிலேட்டரை விட்டதும் கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வந்தால், மவுன்டிங்கும் வெளியிணைப்பும் நன்றாக இருக்கும் பட்சத்தில், அது கியர்பொக்ஸின் உட்கோளாறுதான்: தேய்ந்த கொளுவிப் பற்கள், கியரை நகர்த்தும் முட்கரம், அல்லது தளர்ந்த ஸ்பிரிங். லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுவது முட்கரத்தை இன்னும் வேகமாகத் தின்னும்.

கியர் ஒயில் சொல்வது

திறப்பதற்கு முன் கடைசிச் சோதனை இது. சமதரையில், ஓடி வந்த சூடு ஆறிய பின், பக்கத்திலுள்ள நிரப்பும் திருகை முதலில் கழற்றுங்கள். அது இறுகிக் கழலாவிட்டால் கீழ்த் திருகைத் தொடாதீர்கள், வடித்த பின் நிரப்ப வழியில்லாமல் போகும். விரலை வளைத்து உள்ளே விட்டால் ஒயில் துவாரத்தின் கீழ் விளிம்பை ஒட்டி நிற்க வேண்டும். பிறகு கீழ்த் திருகைக் கழற்றி, அதன் காந்த முனையை வெள்ளைத் துணியில் துடையுங்கள். சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தால் பழைய கியர்பொக்ஸுக்கு அது இயல்பு. ஒயிலில் பித்தளை மினுக்கம் கொஞ்சம் தெரிந்தால் சிங்க்ரோ வளையங்கள் தேய்கின்றன. விரலில் கீறும் இரும்புத் துண்டோ பல்லின் உடைசலோ அகப்பட்டால், அன்றைக்கே வாகனத்தை நிறுத்திவிடுங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: வெள்ளத்தைக் கடக்கும்போது, சூடான பெட்டி திடீரெனக் குளிர்ந்து, மேலிருக்கும் மூச்சுக்குழாயால் நீரை உறிஞ்சியிருக்கும். அதை ஒருமுறை மாற்றி, சிறிது தூரம் ஓடவிட்டு மீண்டும் மாற்றினால் பெயரிங்குகளைக் காப்பாற்றலாம். கடலோரத்தில் படகு இழுக்கும் வாகனமென்றால் நாளைக்கென்று தள்ளவே கூடாது.

ஒயிலின் வகை தவறியதால் மட்டும் கியர் கடினமாகிப்போன பெட்டிகளும் உண்டு. டிஃபரன்ஷலுக்குரிய மிகத் தடித்த ஒயிலைக் கியர்பொக்ஸிலும் ஊற்றினால் சிங்க்ரோ வளையம் பிடிக்கத் தாமதிக்கும். பல ஜப்பானிய கியர்பொக்ஸ்கள் 75டபிள்யூ-90 ஒயிலைக் கேட்கின்றன. சில இசுசு கியர்பொக்ஸ்களோ எஞ்சின் ஒயிலையே கேட்கின்றன. கடைக்காரர் தருவதை வாங்காமல் கைநூல் சொல்வதை வாங்குங்கள்.

இறக்கியே ஆக வேண்டுமென்றால்

இத்தனையும் கடந்து கியர்பொக்ஸை இறக்கும் முடிவுக்கு வந்தால், கூலி ஒன்றுதான் என்பதால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங், பைலட் பெயரிங், இரு பக்க ஒயில் சீல்கள் ஆகிய அனைத்தையும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள். பழைய பிளேட்டில் ரிவெட் தலை மேற்பரப்பிலிருந்து 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் இருந்தால் அது பல வாகனங்களில் கழிக்க வேண்டிய அளவு. ஃபிளைவீலில் நீலத் தழும்புகளோ வெடிப்புக் கோடுகளோ இருந்தால் லேத்தில் கொடுத்துப் பாருங்கள்; ஆழமான வெடிப்பு இருந்தால் மாற்றுவதே முறை. பெல் ஹவுசிங்குக்குள் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதவோ வாயால் ஊதவோ யாரையும் விடாதீர்கள். பழைய கிளச் பிளேட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கட்டி அகற்ற வேண்டும். கராஜில் சுற்றி நிற்கும் சிறுவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பொருத்திய பின், மிதியின் வெற்று அசைவை மீண்டும் அளந்து, ரிவர்ஸ் சோதனையைக் கராஜ் வாசலிலேயே செய்து பாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றாமல், கிளச்சை அரைகுறையாகப் பிடித்து நிறுத்தாமல் ஓட்டுங்கள். புதிய பிளேட்டின் மேற்பரப்பு ஃபிளைவீலோடு இணங்க அந்தத் தூரம் தேவை. அதன்பின் மிதியின் அசைவு சற்று மாறியிருக்கலாம், தள்ளுகம்பியை இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு நெல் ஏற்றத் தொடங்கலாம்.